மூக்கில் தோன்றாத பீனிசம்

(எமது சங்கத்தின் கூட்டமொன்றில், வைத்திய பீட மாணவராகிய அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



அனுபவம் மிக்க பெரியோர் பலர் வீற்றிருக்கும் இச்சபையிலே, இன்னும் மாணவராயிருக்கும் நாம் நோயைப் பற்றிப் பேச முற்படுவது சற்றுத் துணிச்சலான செயலே. எனினும், செயலாளர் அவர்கள் எம்மைப் பேசும்படி பணித்தபொழுது, நாம் கற்றவற்றுள் ஒவ்வொரு வீட்டுக்கும் பயன்படக்கூடியது எது என்று எண்ணிப் பார்த்தோம். பீனிசம் என்ற சொல்லே முதலில் மனத்தில் வந்து நின்றது. அது அவ்வாறு வந்து நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பேச்சின் நடுவிலே சொல்லுவோம்.

பீனிசக்காரர் ஒருவர் இல்லாத வீடு நம்மிடையே அரிது. காலையிலே பத்துத் தும்மல், மாலையிலே மூக்கடைப்பு, மழை தூறினால் தலையிடி. வீட்டார் நொச்சியிலை போட்டு வேது பிடிக்கச் சொல்லுவர். இரண்டு நாளிலே சுகம் வரும். மீண்டும் அடுத்த மாரியிலே அது வரும். இவ்வாறு பீனிசம் நம் குடும்பத்தில் ஓர் அங்கத்தவர் போலாகிவிட்டது. பழகியவரைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. ஆகையினாலே முகத்திலும் தலையிலும் எந்த நோவு வந்தாலும் "பீனிசம்தானே" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

இப்பழக்கத்தினால் இரு தவறுகள் விளைகின்றன. முதலாவது, பீனிசம் அல்லாததைப் பீனிசம் என்று கொள்வது. அமெரிக்காவிலே 2004 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்விலே, தமக்குப் பீனிசத் தலையிடி என்று கூறிய அல்லது வைத்தியரால் அவ்வாறு கூறப்பட்ட 2,991 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 88 வீதமானோர்க்கு இருந்தது ஒற்றைத் தலையிடி வகையைச் சேர்ந்த நோயே. இரண்டாவது தவறு இதனினும் கொடியது. மெய்யாகவே குடாக்களில் எழுந்த நோய், மூக்கிலே ஓர் அடையாளமும் காட்டாது, கண்ணிலோ நெற்றியிலோ பல்லிலோ மூளையிலோ தோன்றும்பொழுது, அதனை இனங்காணாமல் விட்டுவிடுவது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது தவற்றையும், அதற்குச் சத்திரசிகிச்சை செய்யும் உதவியையுமே.

முதலில் குடாக்கள் என்பவை யாவை என்று பார்ப்போம். நமது முகவெலும்புகள் வெளியே திண்மையாகத் தோன்றினும் அவற்றுள்ளே காற்று நிரம்பிய அறைகள் உண்டு. கடல் நிலத்தினுள்ளே புகுந்து நிற்பது குடா. அதுபோல மூக்கின் காற்று எலும்பினுள்ளே புகுந்து நிற்குமிடங்களுக்கும் குடா என்று பெயரிட்டனர். இவை நான்கு சோடிகள். கன்னத்தினுள்ளே இருப்பவை கன்னக் குடாக்கள், இவையே பெரியவை, வளர்ந்தோரிடத்தில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 மில்லிலீற்றர் கொள்ளும். நெற்றியிலே இருப்பவை நெற்றிக் குடாக்கள். இரு கண்களுக்கும் இடையிலே, நெய் வடிக்கும் அரியைப் போலத் துளை நிறைந்த எலும்பிலே சிறு சிறு அறைகளாக இருப்பவை நெய்யரிக் குடாக்கள். இவை எல்லாவற்றுக்கும் பின்னால், தலையின் நடுவிலே ஒளிந்து கிடப்பவை ஆப்புருக் குடாக்கள்.

இவ்வறைகளின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு போர்த்திருக்கின்றது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்பிசிர்கள், காற்றிலே நெற்கதிர்கள் சாய்வது போல ஒரே திசையில் அசைந்து, சளியை வாயிலை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். கன்னக் குடாவின் வாயில் அதன் அடியிலே இல்லை. உயரத்திலே, கண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றது. ஆகவே அங்கு ஊறும் சளி, கிணற்று நீரைத் துலாவினால் இறைப்பது போல மேல்நோக்கி இறைக்கப்பட வேண்டும். தடிமன் பிடித்துச் சவ்வு வீங்கினால் வாயில் அடைபடும், துலா நின்றுவிடும், தேங்கியதிலே கிருமி பெருகும். இதுவே பீனிசம். பெரும்பாலான வேளைகளில் இது வைரசினால் வரும் தடிமனின் ஒரு பகுதியாய் வந்து, பத்து நாட்களுக்குள் தானே தணிந்துவிடும். பன்னிரண்டு கிழமைகளுக்கு மேல் நீடித்தால் அதனை நாட்பட்ட பீனிசம் என்பர்.

இக்குடாக்களின் அயலவர் யார் என்பதுதான் முக்கியமான கேள்வி. பக்கத்திலே கண், மேலே மூளை, கீழே மேல்வாய்ப் பற்களின் வேர்கள். இடையிலே இருப்பது மெல்லிய எலும்பு ஒன்றே. ஒரு வளவிலே தீப்பிடித்தால் ஓலைவேலிக்கு அப்பால் இருப்பவர்க்கும் நித்திரை இல்லை. குடாவிலே மூண்ட தீ வேலியைத் தாண்டும்பொழுது, கூக்குரல் அயல்வீட்டிலிருந்தே முதலில் கேட்கின்றது.

கண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம். நெய்யரிக் குடாவுக்கும் கட்குழிக்கும் நடுவிலுள்ள எலும்புக்கு இலத்தீன் மொழியிலே காகிதத்தகடு என்று பொருள்படப் பெயர் வைத்திருக்கின்றனர். அவ்வளவு மெல்லியது. அன்றியும், அவ்விடத்து நாளங்களிலே இரத்தத்தை ஒரு வழியாக மாத்திரம் செல்லவிடும் வால்வுகள் இல்லாமையினால், கிருமி எளிதில் அப்பால் சென்றுவிடும். நெய்யரிக் குடா பிறக்கும்பொழுதே இருப்பது. ஆகையால் சிறு பிள்ளைகளிடத்திலே இந்த ஆபத்து அதிகம்.

நாம் சிறுவர் விடுதியிலே பயிற்சி பெற்ற நாட்களில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்டோம். இடது கண்ணிமை வீங்கிச் சிவந்து மூடிக் கிடந்தது. பூச்சி கடித்தது என்று எண்ணித் தாயார் இரண்டு நாள் மருந்து பூசியிருந்தார். அதற்கு முன் ஒரு கிழமை தடிமன் இருந்ததை, கேட்ட பின்னரே சொன்னார். மூத்த வைத்தியர் இமையை மெல்ல விலக்கி, கண்ணை அங்குமிங்கும் அசைக்கச் சொன்னார், அசைக்க நொந்தது, கண்விழி சற்றே முன்தள்ளி நின்றது. பின்பு தமது பேனாவின் சிவப்பு மூடியைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாலும் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். "அந்தக் கண்ணுக்குச் சிவப்பு. இந்தக் கண்ணுக்குச் செங்கல் மாதிரிக் கிடக்கு ஐயா" என்றான் சிறுவன். வைத்தியரின் முகம் மாறியதைக் கண்டோம். பார்வை நரம்பு நெருக்கப்படும்பொழுது செந்நிறமே முதலில் மங்கும் என்பதை நாம் புத்தகத்திலே படித்திருந்தோம். அன்றுதான் அதன் பொருள் விளங்கியது.

சி.ரி. ஸ்கான் எடுத்தபொழுது நெய்யரிக் குடாவிலே சீழ். காகிதத்தகட்டுக்கு அப்பால் கட்குழியிலும் சீழ். அன்றிரவே சத்திரசிகிச்சை நடந்தது. சீழ் வடிக்கப்பட்டது, நாளத்தின் வழியே அன்ரிபயோரிக் மருந்து ஏற்றப்பட்டது. நான்காம் நாள் அவன் அதே மூடியைப் பார்த்து இரண்டு கண்ணுக்கும் ஒரே சிவப்பு என்றான். இவ்வாறு கண்ணைத் தாக்கும் நோயை, இமை வீக்கம் முதல் மூளையடியிலுள்ள பெருநாளத்தில் இரத்தம் உறைதல் வரை ஐந்து படிகளாக 1970 இல் சாண்ட்லர் என்பவரும் அவரைச் சார்ந்தோரும் வகுத்துரைத்தனர். படிகள் ஐந்தாயினும் முதற் படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே சில வேளைகளில் மாதங்கள் இல்லை, நாட்களே உண்டு.

அடுத்து நெற்றி. நெற்றிக் குடா பிறப்பிலே இல்லை. பிள்ளை வளர வளர அதுவும் வளர்வது. ஆகவே இங்கு வரும் சிக்கல் பெரும்பாலும் பதின்ம வயதினர்க்குரியது. நம் சங்கத்து இளையோரின் வயது. தலையிடியும் காய்ச்சலும் இருந்து, பின்னர் நெற்றியின் நடுவிலே மாப்பிசைந்து வைத்தாற்போல மெத்தென்ற வீக்கம் ஒன்று தோன்றும். பந்து பட்டிருக்கும், இடித்திருக்கும் என்று எண்ணுவர். லண்டனிலே பார்த்தலோமியூ வைத்தியசாலையில் பணியாற்றிய பேர்சிவல் பொட் என்னும் சத்திரவைத்தியர் 1760 இல் இவ்வீக்கத்தை விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. உண்மையிலே அது நெற்றியெலும்பு கிருமியினால் அரிக்கப்பட்டுச் சீழ் வெளியே வந்திருப்பதன் அடையாளம். வெளியே வந்தது உள்ளேயும் சென்றிருக்கலாம். மூளையுறையின் மேல் சீழ் தங்கியிருந்தும் பையன் எழுந்து நடமாடுவான். வாந்தி, கழுத்து விறைப்பு, தூக்கமயக்கம், இயல்புக்கு மாறான பேச்சு என்பன சேர்ந்தால் ஒரு கணமும் தாமதித்தலாகாது. குடாவைத் திறந்து சீழை வடித்தலும், கிழமைக்கணக்கில் மருந்து ஏற்றுதலும் இதற்கு வேண்டும். மூளைச் சத்திரவைத்தியரின் உதவியும் பலவேளை வேண்டியிருக்கும்.

பல்லின் கதை வேடிக்கையானது. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னக் குடாவின் தளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. குடாவிலே நோய் வந்தால் பல் நோகும். பல்லிலே நோய் வந்தால் குடா சீழ்க்கட்டும். முன்னதில் குற்றமற்ற பல்லைப் பிடுங்குவர். பின்னதில் பல்லை விட்டுவிட்டு மூக்குக்கு மருந்தூற்றுவர். ஒரு பக்க மூக்கிலிருந்து மாத்திரம் துர்நாற்றத்துடன் சளி வடியுமாயின், பல் வைத்தியரையும் காணவேண்டும். பல்லும் குடாவும் ஒருங்கே திருத்தப்பட்டாலன்றி நோய் திரும்பத் திரும்ப வரும். கன்னக் குடாவை 1651 இல் விரிவாக விவரித்த ஆங்கில வைத்தியர் நதானியேல் ஹைமோர், தம்மிடம் வந்த ஒரு பெண்ணின் கதையையும் எழுதிவைத்தார். பல் பிடுங்கிய குழியினூடே அவளுக்குச் சீழ் வடிந்துகொண்டிருந்தது. ஒருநாள் இறகு ஒன்றை அத்துளையிலே விட்டுப் பார்த்தாள். அது போய்க்கொண்டேயிருந்தது. மூளைக்கே போய்விட்டது என்று அவள் பயந்துபோனாள். இறகு குடாவினுள்ளே சுருண்டு கிடந்ததேயன்றி மூளைக்குப் போகவில்லை என்று ஹைமோர் விளக்கினார்.

நோவே இல்லாமல் வரும் பீனிசமும் உண்டு. கன்னக் குடாவின் வாயில் நெடுநாள் மூடிக் கிடந்தால் உள்ளே காற்றமுக்கம் குறைந்து, குடாவின் சுவர்கள் மெல்ல மெல்ல உட்புறம் இழுபடும். கண்ணின் தரை தாழும். ஒருநாள் நிழற்படத்தைப் பார்க்கையில் ஒரு கண் குழிந்து போயிருப்பது தெரியவரும். தடிமனும் இல்லை, தலையிடியும் இல்லை. 1994 முதல் இதற்கு மௌனக் குடா நோய் என்று பொருள்படும் பெயர் வழங்கி வருகின்றது. வாயிலைத் திறந்துவிட்டால் இழுவை நின்றுவிடும். இதற்கு எதிர்மாறாக, அடைபட்ட நெற்றிக் குடாவிலே சளிப்பை ஒன்று ஆண்டுக்கணக்கில் ஊதிப் பெருத்து, எலும்பைத் தேய்த்து, கண்ணைக் கீழும் வெளியும் தள்ளுவதும் உண்டு. கண்ணாடி மாற்றினாலும் இரட்டைப் பார்வை தீராது.

ஆப்புருக் குடாவோ இருட்டறையில் இருப்பது. அதன் சுவரை ஒட்டியே பார்வை நரம்பும், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடியும், கண்ணை அசைக்கும் நரம்புகளும் செல்கின்றன. அங்கு நோய் வந்தால் மூக்கு ஒன்றும் சொல்லாது. உச்சந்தலையிலோ கண்ணுக்குப் பின்னாலோ ஆழ்ந்த நோவு இருக்கும், நித்திரையைக் கெடுக்கும், வழக்கமான மாத்திரைக்கு அடங்காது. பின்பு ஒருநாள் ஒன்று இரண்டாய்த் தெரியும். அல்லது பார்வை மங்கும். சாதாரண எக்ஸ்கதிர்ப் படத்திலே இக்குடா தெளிவாய்த் தெரிவதில்லை.

சபையோரே, இனி நாம் முன்னர் சொல்வதாகக் கூறிய காரணத்துக்கு வருகிறோம்.

எமது அயலிலே ஓர் அப்பு இருந்தார். பல ஆண்டுகளாகச் சலரோகம். மாத்திரையை நினைத்தபொழுது போடுவார். பல்கலைக்கழக விடுமுறையிலே நாம் வீட்டுக்குச் சென்றிருந்தபொழுது, வேலிக்கு அப்பால் நின்று எம்மை அழைத்தார். வலப் பக்கக் கன்னம் மரத்துப்போய்க் கிடக்கிறது, தலையிடிக்கிறது, ஒரு பல்லும் ஆடுகிறது என்றார். நாம் பாடசாலைக் காலத்து நண்பரைக் காணப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். "பீனிசமாய் இருக்கும் அப்பு. வேது பிடியுங்கோ" என்று வேலிக்கு இப்பால் நின்றே சொன்னோம். "தம்பி டொக்டருக்குப் படிக்கிறது. தம்பி சொன்னால் சரிதான்" என்று அவர் திரும்பிப் போனார்.

நான்காம் நாள் அவருடைய வலக்கண் மூடிப்போயிற்று. இமையை உயர்த்தினால் விழி அசையவில்லை. வைத்தியசாலையிலே மூக்கினுள் பார்த்தபொழுது சவ்வு கரிபோலக் கறுத்திருந்தது. அது மியூக்கோர் என்னும் வகைப் பங்கசு நோய். மண்ணிலும் அழுகிய இலையிலும் பழைய பாணிலும் வளரும் இப்பங்கசு சுகதேகிகளைப் பெரும்பாலும் அணுகுவதில்லை. சலரோகம் கட்டுக்கடங்காதவரையும் நோயெதிர்ப்பு வலுவிழந்தவரையும் பிடிக்கும். அது இரத்தக் குழாய்களினுள்ளே புகுந்து அவற்றை அடைத்து, இழையங்களைச் சாகச் செய்துகொண்டு முன்னேறும். செத்த இழையத்திலே நோவு இராது; மரத்துப்போதலே இருக்கும். கொவிட் பெருந்தொற்றின்போது 2021 இல் இந்தியாவிலே கரும்பங்கசு என்று பேசப்பட்டது இதுவே. அவ்வாண்டு ஜூன் மாத இறுதிக்குள் அங்கு 40,000 இற்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் கண்டதாக அரசு அறிவித்தது.

இதற்கு மருந்து மாத்திரம் போதாது. இரத்தம் ஓடாத இடத்துக்கு மருந்து எவ்வாறு சென்றடையும்? செத்த பகுதி முழுவதையும், இரத்தம் கசியும் உயிருள்ள இழையம் தோன்றும்வரை, வெட்டி அகற்றவேண்டும். அம்போரெரிசின் என்னும் மருந்தை ஏற்றவேண்டும். சீனியின் அளவை அடக்கவேண்டும். அப்புவுக்கு மூன்று முறை சத்திரசிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது. வலக்கண் போயிற்று. அவர் கன்னம் மரத்தது என்று சொன்ன அன்றே அனுப்பியிருந்தால் கண் தப்பியிருக்குமோ என்று பின்னர் நாம் எமது ஆசிரியர் ஒருவரைக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "தப்பியிருக்கலாம்" என்றார்.

நாம் அப்புவைக் காணச் சென்றோம். மன்னிப்புக் கேட்க வார்த்தை வரவில்லை. அவரே கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். "தம்பி, இனிமேல் ஆரும் கேட்டால், கிட்டப் போய் முகத்தை ஒருக்கால் பார்த்துப்போட்டுச் சொல்லு" என்றார். இதனினும் சிறந்த பாடத்தை நாம் எந்த விரிவுரை மண்டபத்திலும் கேட்டதில்லை. இன்று இச்சபையிலே நிற்பது அந்தக் கடனின் ஒரு சிறு பகுதியைத் தீர்ப்பதற்காகவே.

இனிச் சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொல்லுவோம். பீனிசத்துக்கு வெட்டுதல் என்றால் நம் பெரியோர் அஞ்சுவர். அந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1893 இல் நியூ யோர்க்கிலே கால்ட்வெல் என்பவரும், 1897 இல் பரிசிலே லூக் என்பவரும் தனித்தனியே ஒரு முறையை வெளியிட்டனர். மேலுதட்டை உயர்த்தி, பல்முரசுக்கு மேலே வெட்டி, எலும்பைத் திறந்து, கன்னக் குடாவின் சவ்வு முழுவதையும் சுரண்டி எடுத்து, மூக்கினுள்ளே தாழ்வான இடத்தில் புதிய வாயில் ஒன்றை அமைப்பது அம்முறை. நெடுங்காலம் உலகெங்கும் அதுவே நடந்தது. கன்னம் வீங்கும், பலர்க்குப் பல்லும் உதடும் மரத்துப்போகும். நெற்றிக் குடாவுக்கு நெற்றியெலும்பின் முன்சுவரையே அகற்றிய முறையும் இருந்தது. நோய் தீர்ந்தாலும் முகம் விகாரமாகும். மூக்கின் வழியே நெய்யரிக் குடாவைத் திறப்பதோ கண்ணைக் கட்டிக்கொண்டு கத்தி வீசுவதை ஒத்தது. நோயாளியைக் கொல்வதற்கு அது மிக எளிய வழிகளுள் ஒன்று என்று, அத்துறையில் தேர்ந்த பொஸ்ரன் நகரத்து மோஷர் என்பவரே 1929 இல் எச்சரித்தார்.

மாற்றம் இரு கருவிகளால் வந்தது. ஒன்று சி.ரி. ஸ்கான். 1971 இல் இங்கிலாந்திலே முதல் நோயாளியின் தலை அதனாற் படம் பிடிக்கப்பட்டது. அதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கோர்மாக்கும் 1979 இல் நோபெல் பரிசு பெற்றனர். வீட்டின் வரைபடம் கையிலிருக்க வீட்டினுள் நுழைவது போல, வெட்டுவதற்கு முன்னரே ஒவ்வொரு அறையையும் சுவரையும் காண இயன்றது. மற்றையது ஹரோல்ட் ஹொப்கின்ஸ் என்னும் ஆங்கிலப் பௌதிகவியலாளர் அமைத்த கண்ணாடிக்கோல் வில்லைகளைக் கொண்ட உள்நோக்கி. பென்சிலினும் மெல்லிய, நான்கு மில்லிமீற்றர் விட்டமுடைய குழாய். நேரே மாத்திரமன்றிச் சரிவாகவும் மூலை முடுக்கைக் காட்டும்.

இக்கருவியைக் கொண்டு ஒஸ்திரியாவின் கிராஸ் நகரிலே மெசர்கிளிங்கர் என்னும் பேராசிரியர் ஆண்டுக்கணக்காகச் சளியின் பாதையை ஆராய்ந்தார். குடாவின் அடியிலே எவ்வளவு பெரிய துவாரம் இட்டாலும், பிசிர்கள் சளியைப் பழைய இயற்கை வாயிலுக்கே கொண்டுசெல்லும் என்பது தெளிவாயிற்று. துலா நிற்குமிடம் மேலே இருக்க, கிணற்றின் அடியிலே துளையிட்டு என்ன பயன்? ஆகவே சவ்வைச் சுரண்டி எறியாமல், இயற்கை வாயிலின் அடைப்பை மாத்திரம் நீக்கி, குடா தன்னைத் தானே சுத்திகரிக்க விடுவதே சரி என்ற கொள்கை பிறந்தது. 1978 இல் அவருடைய நூல் வெளிவந்தது. அவர் மாணாக்கர் ஸ்டம்பெர்கரும் அமெரிக்காவிலே கெனடி என்பவரும் 1985 அளவில் இம்முறையை உலகெங்கும் பரப்பினர். இன்று வெளியே ஒரு வடுவும் இன்றி மூக்குத் துவாரத்தின் வழியாகவே நெற்றிக் குடாவையும் ஆப்புருக் குடாவையும் திறக்கின்றனர். கண்ணின் பக்கத்துச் சீழையும் பலவேளை அவ்வழியே வடிக்கின்றனர். சளிப்பையையும் பங்கசு உருண்டையையும் அவ்வழியே எடுக்கின்றனர்.

எனினும் அபாயம் அறவே நீங்கிவிட்டது என்று நாம் கூறமாட்டோம். கண்ணும் மூளையும் இன்றும் அதே இடத்திலேதான் இருக்கின்றன. அரிதாகவேனும் பார்வைக்குச் சேதமும் மூளைநீர்க் கசிவும் இரத்தப்பெருக்கும் நேரலாம். நாட்பட்ட பீனிசத்திலே முதலில் உப்புநீரால் மூக்கைக் கழுவுதல், வைத்தியர் தரும் மூக்குத் தெளிமருந்து என்பவற்றை ஒழுங்காகச் செய்து பார்த்து, பயனில்லாவிடத்தே சத்திரசிகிச்சையை நாடவேண்டும். கண்ணும் மூளையும் தாக்கப்பட்டவிடத்து அவ்வாறு பொறுத்திருத்தலாகாது.

சத்திரசிகிச்சை நம்மவர்க்கு அந்நிய விடயமுமன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். இரண வைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூல் 1867 இல் தமிழில் வெளிவந்ததும் அவர் முயற்சியினாலேயே. மிசன் பாடசாலையிலே கற்ற நாம் அவர் பெயரைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தோம். நோயை மக்கள் தம் சொந்த மொழியிலே விளங்கிக்கொள்ளவேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற வழி. அவ்வழியிலே இன்று சில சொற்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படி வேண்டுகிறோம்.

மூக்கைக் கழுவுவோர் கிணற்று நீரையோ குழாய் நீரையோ அப்படியே பயன்படுத்தலாகாது. கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்தல் வேண்டும். சலநேதி பயில்வோர்க்கும் இதுவே விதி. நன்னீரிலே வாழும் ஒருவகை அமீபா, மிக அரிதாயினும், மூக்கின் வழியே மூளைக்குச் சென்று உயிரைக் கொல்ல வல்லது.

இனி, "பீனிசம்தானே" என்று சொல்லக்கூடாத இடங்கள். தடிமனோடு கண் வீங்கினால், அசைக்க நொந்தால், பார்வையோ நிறமோ மங்கினால், ஒன்று இரண்டாய்த் தெரிந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. நெற்றியிலே மெத்தென்ற வீக்கம், காய்ச்சலோடு வாந்தி, கழுத்து விறைப்பு, தடுமாற்றம் காணின் அன்றே செல்க. சலரோகக்காரர்க்கு முகம் மரத்தாலும், மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்புத் தோன்றினாலும் அந்த மணியே செல்க. ஒரு பக்க மூக்கிலிருந்து மாத்திரம் இரத்தம் கலந்த சளி நெடுநாள் வந்தால் நாளைக் கடத்தாது உள்நோக்கியாற் பார்ப்பிக்க; மரத்தூளிலே ஆண்டுக்கணக்காய் வேலை செய்யும் தச்சுத் தொழிலாளர்க்கு இது விசேடமாகச் சொல்லத்தக்கது, ஏனெனில் மூக்குக்குடாப் புற்றுநோய்க்கு மரத்தூளும் ஒரு காரணம். குனியும்பொழுது ஒரு துவாரத்தால் தெளிந்த நீர் சொட்டினால், அது தடிமன் நீராயிராது மூளைநீராயிருத்தல் கூடும்.

இளைஞர்களே, இவற்றை மனனஞ் செய்யவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் ஓர் அப்பு, ஓர் ஆச்சி, ஒரு தம்பி இருப்பர். அவர்கள் நோவைச் சொல்லும்பொழுது வேலிக்கு இப்பால் நின்று விடை சொல்லாதீர்கள். கிட்டப் போய் முகத்தை ஒருக்கால் பாருங்கள். இமை இரண்டும் ஒத்திருக்கின்றனவா, கண் இரண்டும் ஒன்றாய் அசைகின்றனவா, நெற்றி சமமாயிருக்கின்றதா என்று பார்ப்பதற்கு வைத்தியப் படிப்பு வேண்டியதில்லை; அரை நிமிட நேரமே வேண்டும். அந்த அரை நிமிடம் அன்று எம்மிடம் இல்லாமற் போயிற்று.